எதிர்த்துகள் மட்டும் ஏன் உள்ளே விழ வேண்டும்?

கேள்வி: கருந்துளையின் விளிம்பில் துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றுகின்றன, எதிர்த்துகள் உள்ளே விழுந்து கருந்துளையைக் கரைக்கிறது, துகள் தப்பி வந்து ஹாக்கிங் கதிர்வீச்சாகிறது என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். இரண்டில் எது வேண்டுமானாலும் விழலாமே? எதிர்த்துகள் மட்டும் குறி பார்த்து விழுவது எப்படி? ஒளியே தப்ப முடியாத இடத்திலிருந்து இது மட்டும் எப்படி வெளியே வருகிறது?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அப்படி எதிர்த்துகள் மட்டும் விழுவதே கிடையாது. எதிர்த்துகளுக்கும் நேர்மறை ஆற்றல்தான். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் ஒன்று உள்ளே விழுந்தால் கருந்துளையின் எடை கூடுமே தவிரக் குறையாது. ஹாக்கிங் தன் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஜோடித் துகள் படத்தைச் சொன்னார். ஆனால் உள்ளே போவது எதிர்மறை ஆற்றல் என்றுதான் சொன்னார், எதிர்த்துகள் என்று சொல்லவில்லை. படத்தை அப்படியே நிஜம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அங்கேயே எச்சரித்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அரை நூற்றாண்டாகப் பரப்புகிறார்கள். குழப்பம் உங்களுடையது அல்ல.

கணக்கைப் பாருங்கள். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் குறுக்களவு சுமார் 6 கிலோமீட்டர். அதன் ஹாக்கிங் வெப்பநிலை 0.00000006 கெல்வின். அந்த வெப்பநிலையில் வெளிவரும் அலையின் நீளம் சுமார் 40 கிலோமீட்டர். கருந்துளையை விட ஆறேழு மடங்கு பெரிய அலை, விளிம்பின் ஏதோ ஒரு புள்ளியில் குட்டித் துகளாகப் பிறந்தது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று: அந்த வெப்பநிலையில் கிடைக்கும் ஆற்றல், ஓர் எலக்ட்ரானை உருவாக்கத் தேவையானதில் ஆயிரம் கோடி கோடியில் ஒரு பங்குதான். அதனால் அங்கே எலக்ட்ரான் வெளியே வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். முக்கியமாக வருவது ஒளித்துகளான ஃபோட்டான். ஃபோட்டானுக்குத் தனியாக எதிர்த்துகளே கிடையாது!

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது? வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம் அல்ல. எங்கும் பரவியிருக்கும் குவாண்டம் புலம் (துகள்கள் என்பவை இதன் அதிர்வுகளே) அதன் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருப்பதைத்தான் வெற்றிடம் என்கிறோம். அந்த நிலை எது என்று சொல்ல, புலத்தின் அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஒரு கடிகாரம் வேண்டும். யாருடைய கடிகாரம் என்பதில்தான் சிக்கல். நட்சத்திரம் நொறுங்கிச் சுருங்கும்போது, நிகழ்வெல்லையை (உள்ளே போனால் ஒளியும் திரும்ப முடியாத அந்த விளிம்பை) ஒட்டி மயிரிழையில் தப்பி வரும் அலைகள் பயங்கரமாக இழுபடுகின்றன. சூரிய நிறைக் கருந்துளையில், 20 மைக்ரோநொடி தாமதமாக வந்துசேரும் அலை முந்தைய அலையை விட 2.7 மடங்கு நீண்டிருக்கும். அடுத்த 20 மைக்ரோநொடியில் மறுபடி 2.7 மடங்கு. இது நிற்பதே இல்லை. இப்படி இழுபட்டு வந்த அலைகளைத் தொலைவில் இருப்பவர் தன் கடிகாரத்தை வைத்துப் பிரித்தால், சுருங்குவதற்கு முன் வெற்றிடமாக இருந்த அதே நிலை இப்போது துகள்கள் நிறைந்ததாகத் தெரிகிறது. அதுவும் ஏதோ ஒரு கலவையாக அல்ல, ஒரே வெப்பநிலை கொண்ட கச்சிதமான வெப்பக் கதிர்வீச்சாக. இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. நிகழ்வெல்லை வழியாகத் தடையின்றி விழுகிறவரோ அங்கே அனலாக எதையும் உணர மாட்டார்.

ஆக, உள்ளிருந்து எதுவும் தப்பவில்லை. கதிர்வீச்சு உருவெடுப்பது எல்லைக்கு வெளியே உள்ள அகலமான பகுதியில். அதற்கு ஈடாக எதிர்மறை ஆற்றல் உள்ளே பாய்கிறது, நிறை குறைகிறது. எல்லைக்கு உள்ளே, வெளியிலிருந்து அளக்கும் ஆற்றல் எதிர்மறையாக இருக்க இடம் உண்டு.

யாராவது பார்த்தார்களா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. விண்வெளியை நிரப்பியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சே 2.7 கெல்வின். நமக்குத் தெரிந்த கருந்துளைகள் எல்லாம் அதைவிடக் குளிர்ந்தவை, அதனால் இன்று அவை கரையவில்லை, கொழுக்கின்றன. 2016இல் இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தில் ஜெஃப் ஸ்டைன்ஹவர், மிகக் குளிர்ந்த ரூபிடியம் அணுக்களின் ஓட்டத்தில் ஒலி தப்ப முடியாத ஓர் எல்லையை உண்டாக்கி, அங்கே ஹாக்கிங் சொன்ன மாதிரியான ஒலிக் கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். அருமையான சோதனை. ஆனால் அது ஒலி, ஈர்ப்பு அல்ல. அதை வைத்து ‘ஹாக்கிங் நிரூபிக்கப்பட்டார்’ என்று தலைப்புப் போடுவது தப்பு.

உங்கள் கேள்விக்கு நேரடிச் சான்று தரக்கூடியது மிகச் சிறிய கருந்துளை ஒன்றுதான். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் சுமார் 50,000 கோடி கிலோ நிறையுடன் உருவான ஒன்று இருந்தால், இந்தக் காலத்தில்தான் அது கரைந்து முடியும். அதன் அளவு ஒரு புரோட்டான் அளவு, வெப்பநிலை பத்தாயிரம் கோடி கெல்வினுக்கு மேல். அதிலிருந்து எலக்ட்ரான் தாராளமாக வரும். அதே எண்ணிக்கையில் பாசிட்ரானும் வரும். எதிர்த்துகள் எல்லாம் உள்ளே விழுந்திருந்தால் அந்தப் பாசிட்ரான்கள் எங்கிருந்து வந்தன? ஃபெர்மி காமாக்கதிர்த் தொலைநோக்கியின் தரவுகளில் இத்தகைய கருந்துளைகளின் கடைசி வெடிப்பைத் தேடினார்கள். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.