ஜூன் மாதத்துக்கு முன்: வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியையின் பதில்கள்

பள்ளி திறக்கப் பத்து நாள்களே இருக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியை, ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மா, இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஜூன் வரும்போது உங்களுக்கு ஆர்வம் பிறக்கிறதா? (புதிதாகப் பணியில் சேர்ந்தவர், அரியலூர்)

பிறக்கிறது. நேற்றே பள்ளிக்குச் சென்று அலமாரியைத் திறந்துவிட்டேன். பூச்சி அரிக்காதிருக்க ஏப்ரலில் வைத்த வேப்பிலை சருகாகிக் கிடந்தது. எழுத்தட்டைகளைத் துடைத்து எண்ணிப் பார்த்ததில் ‘ழ’ அட்டையை மட்டும் காணவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதுவே காணாமல் போகிறது. யார் எடுத்துப் போகிறார்களோ! ஜூனில் எழுத்தை வெறும் கோடாகப் பார்க்கும் குழந்தை, பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது பேருந்தின் ஊர்ப்பலகையை வாசித்த கதையைச் சொல்லும். அதைக் கேட்கும் ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் அகரம் தொடங்கி 247 எழுத்துகளையும் வரிசையாக நடத்த வேண்டுமா? (இடைநிலை ஆசிரியை, விழுப்புரம்)

வரிசையைப் பாட்டாகப் பாடட்டும். வாசிப்பை அந்த வரிசையில் தொடங்க வேண்டியதில்லை. ட, ப, ம ஆகிய மூன்றையும் புள்ளியையும் கற்றுக்கொண்ட குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் எனப் பொருளுள்ள சொற்களை அன்றே வாசித்துவிடும். உயிர்மெய் 216 என்று மலைக்கவும் வேண்டாம். பதினெட்டு உருவங்களும் சில துணைக்குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் விதிவிலக்கு. கு, சு, து, பு ஆகியவற்றில் குறி எழுத்தோடு வெவ்வேறு விதமாக ஒட்டிக்கொள்வதால், அவற்றுக்கெனத் தனியாக நாள்களை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: எழுத்துகளை அறிந்த குழந்தைகளும் ‘கொக்கு’ என்னும் சொல்லில் தடுமாறுவது ஏன்? (ஆசிரியர், தருமபுரி)

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறுவன் அந்தச் சொல்லின்மீது விரலை வைத்து, “கெ... கா...” என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டதை இடமிருந்து வலமாக ஒழுங்காகவே வாசித்திருந்தான். கொம்பு எழுத்துக்கு முன்னே நின்றாலும் அதன் ஒலி பின்னே வருகிறது. ஒகரத்திலோ முன்னே கொம்பும் பின்னே காலுமாக இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன. வளர்ந்தவர்களாகிய நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே இந்த ஆண்டு கொம்பையும் காலையும் சிவப்பு அட்டையிலும், மெய்யுருவைக் கறுப்பு அட்டையிலும் வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றையும் நெருக்கி வைத்து ‘கொ’ என்று ஒரே மூச்சில் சொல்லச் செய்ய வேண்டும். கால் அட்டையை எடுத்துவிட்டால் ‘கெ’ ஆவதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். ‘கௌதாரி’யைக் ‘கெளதாரி’ என்று வாசிப்பதும் இவ்வகையே. ஔகாரக் குறி ளகரத்தைப் போலவே இருக்கும்போது குழந்தையைக் கடிந்து பயனில்லை.

கேள்வி: எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி குழந்தைகளைக் கற்றல் நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என இப்போதே குழுப் பிரித்து வைக்கலாமா? (ஆசிரியை, சிவகங்கை)

வேண்டாம். கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022-ல் தொடங்கிய அத்திட்டத்தில் எனக்குப் பிடித்ததே, குழந்தை நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கலாம் என்பதுதான். ஏப்ரலில் நின்ற இடத்திலேயே அது ஜூனிலும் நிற்கும் என்று எப்படிச் சொல்வது? பாட்டி வீட்டில் கதைப் புத்தகங்களோடு கழித்த குழந்தையும் உண்டு. ஒரு வரிகூடக் காணாத குழந்தையும் உண்டு. என் வகுப்பில் 34 பேர்; ஆளுக்கு மூன்று நிமிடம் அருகில் அமர்த்தி வாசிக்கக் கேட்டால் 102 நிமிடம். முதல் மூன்று நாள்களில் அதை முடித்துவிட்டு, பிறகு குழுக்களைப் பிரிப்பேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறாள், வேறு புத்தகத்தைக் கொடுத்தால் விழிக்கிறாள். (ஒரு தாய், மதுரை)

அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். பாடத்தின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த ஐந்தாறு வாரங்களுக்குப் பாடநூலை மூடி வையுங்கள். நாள்காட்டித் தாள், ரேஷன் கடைப் பலகை, பிஸ்கட் உறை எல்லாம் வாசிக்க ஏற்றவை. அரசின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட, தொடக்க நிலைக்கான ‘நுழை’ புத்தகங்கள் பள்ளியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இந்தி படித்துவிட்டு வந்த, வடமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியர், திருப்பூர்)

ககரத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியில் அந்த வரிசைக்கு நான்கு எழுத்துகள் இருக்க, நாம் ஒன்றையே வைத்துக்கொண்டு ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் மூன்று விதமாக ஒலிக்கிறோம். இரட்டித்தால் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் கனத்த ஒலி, தனியே இடையில் வந்தால் மென்மையான ஒலி என்று இம்மூன்று சொற்களைக் கொண்டே காட்டிவிட்டால், ச, ட, த, ப ஆகியவற்றையும் ஏறத்தாழ அதே வழியில் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: வகுப்பறைச் சுவரை எப்படி அலங்கரிப்பது? (பயிற்சி ஆசிரியை, நாகர்கோவில்)

தரையில் அமர்ந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கு நேராக எது இருக்கிறதோ அதுவரை ஒட்டுங்கள், போதும்.

கேள்வி: முதல் நாள் முதலில் எதை வாசிக்கச் செய்வீர்கள்? (ஆசிரியர், திருவாரூர்)

அவரவர் பெயரை. தடித்த பேனாவால் ஒவ்வொரு பெயரையும் அட்டையில் எழுதி, மேசைமீது பரப்பி, தன்னுடையதைத் தானே தேடி எடுக்கச் சொல்வேன். இன்று காலைவரை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்கும் எழுதி முடித்துவிட்டேன். சேர்க்கை இன்னும் நடப்பதால், வெற்று அட்டைகள் ஐந்தும் மேசையில் இருக்கின்றன.