தங்கச்சிக்கு நர்சிங்: டிகிரியா, டிப்ளமோவா?

அன்புள்ள அக்கா,

பாம்பன் சின்னப்பாலத்தில் இருந்து எழுதுகிறேன். நான் போட்டில் கூலிக்குப் போகிறேன், அம்மா கடல்பாசி எடுக்கிறார். தங்கச்சி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். தங்கச்சிமடத்தில் தெரிந்த ஃபாதர் ஒருவர் ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தின் விவரம் கொடுத்தார். அங்கே பி.எஸ்சி. டிகிரி, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ இரண்டும் உண்டாம். எதில் சேர்க்கலாம்? நாங்கள் இந்துக்கள். ஜெபத்துக்குப் போகச் சொல்வார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

சின்னப்பாலம் வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் வழிபாட்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு அதைச் சொல்கிறது. விரும்பினால் போகலாம்; 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். காலையில் வார்டுக்குக் கிளம்பும் முன் ஒரு பாட்டும் ஜெபமும் இருக்கலாம். ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டு போகிற ஊர்க்காரர்கள் நாம். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, படிப்பு. பி.எஸ்சி. நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். மூன்று ஆண்டு டிப்ளமோ. எதை முடித்தாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்துகொண்டு வார்டில் வேலை பார்க்கலாம். பிற்பாடு எம்.எஸ்சி. படிக்கவோ கல்லூரியில் பாடம் நடத்தவோ நினைத்தால்தான் டிகிரி கட்டாயம். அதற்கும் வழி இருக்கிறது. ஜி.என்.எம். முடித்தவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேரலாம். மொத்தத்தில் ஒரு வருடம்தான் கூடுதல், நடுவில் சம்பாதித்துக்கொள்ளலாம். நானே அப்படிப் படித்தவள்தான்.

அதனால் என் பதில் இது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் அரசு கவுன்சிலிங்குக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அதில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் டிகிரி. கிடைக்கவில்லை என்றால், போட் முதலாளியிடம் முன்பணம் வாங்கி டிகிரியில் சேர்க்காதீர்கள். ரிசல்ட் வருவது மே மாதம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் காசில்லாத நேரம் பார்த்துத்தான் ஃபீஸ் கேட்பார்கள். அந்தக் கடன் உங்கள் உழைப்பை வருடக்கணக்கில் தின்றுவிடும். ஜி.என்.எம். போதும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், கேட்டு வாங்குங்கள்.

கிறிஸ்தவ நிறுவனங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கினார்கள், 1946-ல் டிகிரியும் வந்துவிட்டது. ஆனால் பெயரில் கிறிஸ்தவம் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் கூட்டம் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது கணக்கு. நான் படித்த இடத்தில் வார்டில் பாதிக் கட்டில் காலி. முதல் வருடம் முழுக்கப் பொம்மைக்கே ஊசி போட்டோம். வேலைக்குப் போன முதல் வாரம் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் கை நடுங்கி நின்றேன், அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை. உங்கள் தங்கச்சிக்கு அப்படி நேரக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலை, வெளிநோயாளிகள் வரும் ஓ.பி. நேரத்தில் அங்கே போய்க் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். போகும்போது தங்கச்சியையும் கூட்டிப்போங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் அவளே பேசட்டும்.

அன்புடன்,
அக்கா