சுவர் வெட்டும்போது பறக்கும் தூசி: பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன்னால்

கோவையில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எலக்ட்ரிகல் கான்ட்ராக்டராக இருக்கும் நண்பருக்கு, பைப் பதிக்கச் சுவர் வெட்டும்போது வரும் தூசியை இழுக்க ஒரு மிஷின் செய்து கொடுத்தேன். வாக்குவம் கிளீனர் மோட்டார், 3 இஞ்ச் ஹோஸ், பழைய பெயின்ட் பக்கெட். ஹோஸை ஹெல்ப்பர் பிளேடு பக்கத்தில் பிடித்துக்கொள்வார். பாதித் தூசிகூட உள்ளே போகவில்லை, கொஞ்ச நேரத்திலேயே ஃபில்டரும் அடைத்துக்கொள்கிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?"

ஆகாது. இப்போதைக்கு மோட்டாரை விடுங்கள், கோளாறு ஹோஸின் வாயில் இருக்கிறது.

சுவர் வெட்டும் கிரைண்டரின் 4 இஞ்ச் பிளேடு 11,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 58 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். தூசியும் அந்த வேகத்தில்தான் தெறித்துக் கிளம்பும். ஆனால் உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டமளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைத்துப் பாருங்கள், புரியும். அதனால் தூசியைத் துரத்திப் பிடிக்க நினைக்காமல், அது தெறிக்கும் இடத்திலேயே மூடி வைத்துப் பிடிக்க வேண்டும்.

அந்த மூடியைத்தான் ஷ்ரவுட் என்கிறார்கள். பிளேடைச் சுற்றி மூடி, சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். பிளேடு உள்ளே இறங்க இறங்க மூடியின் அடித்தட்டு சுவரை விட்டு விலகாதபடி ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் நல்லது. ஹோஸ் மாட்டும் வாய், பிளேடின் பல் சுவரை விட்டு வெளியே வரும் பக்கத்தில், தூசி தெறிக்கும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். வெட்டும் மிஷினைத் தள்ளும் திசையும் முக்கியம்: பிளேடு தானாக ஓடப் பார்க்கும் திசைக்கு எதிராகத் தள்ளினால் தூசி முன்பக்கமாக மூடிக்குள் போகும், இல்லையென்றால் ஏற்கனவே வெட்டிய பள்ளத்தின் வழியாகப் பின்னால் தப்பித்துவிடும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஷ்ரவுடை நீங்கள் செய்யாதீர்கள், கம்பெனி சரக்காகவே வாங்குங்கள். பிளேடு உடைந்தால் ஆளைக் காப்பாற்றப்போவதும் அதுதான்.

மீதியெல்லாம் பட்டறையில் செய்யக்கூடியது. காற்று எவ்வளவு வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, சிலிக்கா (மணலிலும் கல்லிலும் இருக்கும் தாது) தூசிக்காக 2016இல் கொண்டுவந்த விதி நல்ல அளவுகோல்: கிரைண்டர் பிளேடின் ஒவ்வொரு இஞ்ச் விட்டத்துக்கும் குறைந்தது 25 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 25 கன அடி காற்று. 4 இஞ்ச் பிளேடு என்றால் 100 சிஎஃப்எம். இந்த அளவு காற்று 2 இஞ்ச் ஹோஸில் விநாடிக்கு 23, 24 மீட்டர் வேகத்தில் ஓடும். கல் தூசி குழாயில் படியாமல் போக 18 முதல் 20 மீட்டராவது தேவை என்பதால் இது சரியான அளவு. நீங்கள் போட்டிருக்கும் 3 இஞ்சில் வேகம் 10, 11 மீட்டருக்கு இறங்கிவிடும், கனமான துகள் ஹோஸின் வளைவிலேயே படிந்து அடைக்கும். பெரிய ஹோஸ் என்றால் நிறைய இழுக்கும் என்று பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஒன்றரை இஞ்சுக்கும் போகாதீர்கள், அதில் மோட்டார் திணறிவிடும்.

ஃபில்டர் அடைப்பதற்குக் காரணம், எல்லாத் தூசியும் நேராக அதன் மேல் போய் விழுவதுதான். அதற்கு முன்னால் ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்பு, வையுங்கள். காற்று உள்ளே சுழலும்போது பெரும்பாலான தூசி அதன் கீழே இருக்கும் டிரம்மில் விழுந்துவிடும். டிரம் மூடியில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது. கீழேயிருந்து காற்று ஏறினால் விழுந்த தூசியெல்லாம் திரும்ப மேலே வந்துவிடும். பெயின்ட் பக்கெட் வேண்டாம், ஹோஸ் ஒரு தடவை அடைத்தால் உறிஞ்சும் அழுத்தத்தில் அப்படியே நசுங்கிவிடும். தகரத்தில் கனமாகச் செய்யுங்கள், எர்த்தும் கொடுங்கள், ஹோஸில் ஓடும் தூசி ஷாக் அடிக்கிற அளவுக்கு ஸ்டேடிக் சேர்த்துவிடும். கடைசி ஃபில்டர் ஹெப்பாவாக இருக்கட்டும். அது 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். சாதாரணத் துணிப்பை போட்டால், கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடித்துக்கொண்டு, ஆளைக் கொல்லும் தூசியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கான்கிரீட்டிலும் காரையிலும் சிலிக்கா 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். அதில் நுரையீரலின் அடிவரை போகும் 4, 5 மைக்ரான் துகள் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்து கிடையாது. சிலிக்கா தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 1997லேயே சொல்லிவிட்டது.

மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அறையை இருட்டாக்கி, வெட்டும் இடத்துக்குப் பின்னால் பவரான டார்ச் ஒன்றை வைத்து, எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். கண்ணில் நேராக வெளிச்சம் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் புகை போல ஏதாவது மிதந்தால், மூடிக்கும் சுவருக்கும் இடையே எங்கே இடைவெளி என்று தேடுங்கள்.

வெளியில் கிரானைட், டைல்ஸ் வெட்டும் வேலைக்கு இதெல்லாம் தேவையில்லை. தண்ணீர் விட்டே வெட்டலாம், கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் கட்டாயம், சேறு காய்வதற்குள் வாரிவிட வேண்டும். வீட்டுக்குள் சுவரில் அது சரிப்படாது.

அப்புறம் மாஸ்க். வாயில் துண்டு கட்டுவது மாஸ்க் ஆகாது. ஷ்ரவுட் போட்ட பிறகும் வெட்டுகிறவர் முகத்தோடு ஒட்டும் என்95 போட்டே ஆக வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. டிரம்மைக் கொட்டும்போதும் போட வேண்டும், ஃபில்டரைச் சுவரில் தட்டிச் சுத்தம் செய்யவே கூடாது.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது ஹோஸ் பிடிக்கும் அந்த ஹெல்ப்பர்தான். மிஷின் ஓட்டுபவருக்குச் சமமாக அவரும் தூசியில் நிற்கிறார். ஷ்ரவுட் வந்துவிட்டால் ஹோஸ் பிடிக்க ஆளே தேவையில்லை. அது வரும்வரை ஹோஸையே கழற்றி வைத்தாலும் பரவாயில்லை, வெட்டும்போது அவரை அந்த அறைக்குள் நிற்க விடாதீர்கள்.