அடுத்த தையில் திருமணம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2020இல் சந்தை விழுந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்.ஐ.பி. தொடங்கினேன். நீண்டகால முதலீட்டாளன் என்றே என்னை நினைத்திருந்தேன். 2024 செப்டம்பருக்குப் பிறகு சந்தை இறங்குமுகம். 2025 ஏப்ரல் 7 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,226 புள்ளிகள் விழுந்தபோது இரவெல்லாம் தூக்கமில்லை. எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடலாமா? தங்கத்துக்கு மாறலாமா? இந்த நேரத்தில் மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி? தங்கை திருமணத்துக்கென்று சேர்த்த ஆறு லட்சத்தையும் அந்தச் செப்டம்பரில் சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஸ்மால் கேப் ஃபண்டில் போட்டேன், அதுவும் குறைந்துவிட்டது. அடுத்த தையில் திருமணம்.

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். விலை இறங்கினால் அதே பணத்துக்கு யூனிட் கூடுதலாகக் கிடைக்கும், இது உங்களுக்கே தெரியும். தங்கம் என் மனைவியின் துறை, நான் தலையிடுவதில்லை.

மனதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். சந்தை சரிந்தால் போதும், "பதறாதீர்கள், பொறுமையாக இருங்கள்" என்று சொல்ல நாலாபக்கமும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். பொறுமை என்னவோ கூடவே பிறக்கும் குணம் என்பதுபோல. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது.

2008 ஜனவரி 22, கும்பகோணத்தில் ஒரு பங்குத் தரகரின் அலுவலகத்தில் இருந்தேன். முந்தைய நாள்தான் சென்செக்ஸ் 1,400 புள்ளிகளுக்கு மேல் விழுந்திருந்தது. அன்று சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்து, ஒரு மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்திவிட்டார்கள். திரை முழுக்கச் சிவப்பு எண்கள் அப்படியே நின்றன. பெஞ்சில் இருந்தவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, காபிக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பம்புசெட் கடைக்காரர் பதில் பேசவில்லை. அவர் மடியில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் அடிக்கோடு. பங்குகளைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர்தான். சந்தை மறுபடி திறந்ததும், விலை சரிந்தால் ஈடாகக் கட்டவேண்டிய மார்ஜின் பணத்தைக் கட்டவில்லை என்று தரகரே அவருடைய பங்குகளை விற்றுத்தள்ளினார்.

தலைமையாசிரியர் ஞானியா? இல்லை. ஒன்றாம் தேதியானால் அவருக்கு ஓய்வூதியம் வந்துவிடும். பணிக்கொடையில் பெரும்பகுதி மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒன்பது சதவீத வட்டியில் இருந்தது. சந்தையில் இருந்தது போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணம். கடைக்காரருடையது கடன் வாங்கிய பணம். இடம் மாறி உட்கார்ந்திருந்தால் காபிக்குக் கூப்பிட்டிருக்கக்கூடியவர் கடைக்காரர்தான்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முக்கியமான விஷயத்தைக் கடைசி இரண்டு வரியில் செருகியிருக்கிறீர்கள். தை மாதம் வேண்டிய பணத்தை ஸ்மால் கேப் ஃபண்டில் போட்டுவிட்டு நீண்டகால முதலீட்டாளன் என்று சொல்லிக்கொள்ள எப்படி மனம் வந்தது? பதினாறு மாதமா நீண்டகாலம்? உங்களுக்குத் தூக்கம் வராததில் எந்தக் கோளாறும் இல்லை. வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்களைக் கெடுத்தது 2020. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்த சென்செக்ஸ், அந்தத் தீபாவளிக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. விழுந்தால் எழும், அதுவும் சில மாதத்தில் எழும் என்று ஒரு தலைமுறையே பாடம் படித்துக்கொண்டது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160க்கு வந்தது. 2010 தீபாவளியன்று மறுபடி 21,000. அப்பாடா என்று மூச்சுவிட்டவர்களைத் திரும்பவும் கீழே இறக்கி, அந்த எண்ணை மீண்டும் காட்டியபோது 2013 ஆகியிருந்தது. ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பப் பார்த்தது 2024 பிப்ரவரியில். இப்போதைய இறக்கம் இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, தொலைக்காட்சியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவருக்கும் தெரியாது. எஸ்.ஐ.பி. பணத்துக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை, அது காத்திருக்கும். கல்யாணப் பணம் காத்திருக்காது. முகூர்த்த நாளைச் சென்செக்ஸைப் பார்த்துக் குறிப்பதில்லையே.

"கொஞ்சம் ஏறட்டும், எடுத்துவிடுகிறேன்" என்பீர்கள். ஏறலாம். நான்கு லட்சத்துக்கும் இறங்கலாம். மிச்சம் இருப்பதை இந்த வாரமே எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பில் போடுங்கள். ஒரு வருடம் ஆகவில்லை என்று ஒரு சதவீதம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். துண்டு விழுவதைச் சரிக்கட்ட ஒன்பது மாதம் இருக்கிறது, சம்பாதிக்கிற வயது உங்களுக்கு. அதுவரை கைபேசியில் இருக்கும் அந்தச் செயலியைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இந்தப் பணம் குறைந்தது தங்கைக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே.