தப்பில்லை என்றால் ஜெயித்தாயிற்றா?

அன்புள்ள ஐயா,

பினாங்கில் படிக்கும் சொற்போர் மாணவி நான். அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் ‘லிங்கன்-டக்ளஸ்’ என்ற வகை விவாதப் போட்டிகளைப் பார்க்கிறேன். ‘இது கடமை’ என்று ஓர் அணி சொன்னால், எதிரணி அதன் அறக்கோட்பாட்டை மட்டும் உடைக்கிறது. ‘எதுவும் கடமையில்லை, எதைச் செய்தாலும் தப்பில்லை, ஆகவே வெற்றி எங்களுக்கு’ என்கிறது. ‘முதிய பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை’ என்ற தலைப்பை எதிர்த்துப் பேச இதைப் பயன்படுத்தலாமா? வேகமாகப் பேசினால் உதவுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

வேகம் வேண்டாம். நடுவர்களுக்கும் வயதாகிறது.

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1858-இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் அமெரிக்காவின் இல்லினாயில் ஏழு ஊர்களில் மோதினார்களே, அதன் மையமே இந்தத் ‘தப்பில்லை’தான். அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பிரதேசத்து வாக்காளர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார் டக்ளஸ். அடிமைமுறை தவறு என்று ஒப்புக்கொண்டால், தவறு செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு என்று எப்படிச் சொல்வாய் என்று மடக்கினார் லிங்கன். அவர்கள் பெயரை வைத்துக்கொண்டா இந்தக் குறுக்குவழி!

அறமே இல்லையென்றால் ‘செய்யலாம்’ என்று அனுமதி தருவது யார்? அனுமதியும் ஓர் அறத்தீர்ப்புதானே? கோட்பாட்டை உடைத்தவர் அதையும் சேர்த்துத்தான் உடைத்திருக்கிறார். எதிரணி கடமையை நிரூபிக்கவில்லை என்று சொல்லுங்கள், நியாயம். அதோடு நிறுத்துங்கள். ‘ஆகவே எல்லாம் செய்யலாம்’ என்று பின்வாசலால் நுழையாதீர்கள்.

என் பெரியப்பா பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடனெல்லாம் ‘555’ என்ற சின்னக் கணக்கு நோட்டில். வாடிக்கைக்காரர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். நோட்டில் அவருக்கான பக்கத்தில் அரிசி, கோதுமை மாவு, மைலோ என்று அடிவரை கணக்கு. அவர் மனைவியிடம் கேட்கலாமா? கடைக்கு வந்தவர்களெல்லாம் ‘கேட்டால் தப்பில்லை’ என்றார்கள். பெரியப்பா அதையே வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பெரியம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “தப்புன்னு யாரு சொன்னா? கேக்கப் போறீங்களா, இல்லையா?” தப்பில்லை என்பது வரை ஊரே கூட வந்தது. அதற்கப்புறம் அவர் தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பாதியைத் தவணையில் வாங்கிக்கொண்டார். அது சரியா என்று எங்கள் குடும்பத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை.

ஆமாம், உங்கள் தலைப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்நேரத்தில் அப்பாவைக் கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது? அவளைப் பற்றி மேடையில் பேசுங்கள். கடமையில்லை என்பதற்கு அதைவிடவா உங்களுக்கு வாதம் வேண்டும்? உரையை எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துவிட்டுத் திட்டுகிறேன்.