பழைய டிராக்டருக்குச் சைலன்சர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள். உண்மையா?

பழைய டீசல் என்ஜினில் நீங்கள் உணரும் அளவுக்கு ஒன்றும் கூடாது. சத்தம் கூடுவதைத்தான் சக்தி கூடியதாக மனம் எடுத்துக்கொள்கிறது. அடைப்பில்லாத, சரியான அளவுள்ள சைலன்சர் புகையைத் தடுப்பது மிகக் குறைவு. எனக்குக் கவலை உங்கள் காதைப் பற்றித்தான். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகிவிடும்: 88 என்றால் 4 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். கேபின் இல்லாத பழைய வண்டி உழவில் இருக்கும்போது, சைலன்சர் இருந்தாலே 90-ஐ எளிதில் தாண்டும். போன செவித்திறன் திரும்பி வராது. வெறும் குழாய் வேண்டவே வேண்டாம். சைலன்சர் போட்ட பிறகும் காதடைப்பான் அணியுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கான அசல் சைலன்சர் கிடைக்கவில்லை. வேறு வண்டியுடையதைப் பொருத்தலாமா?

தாராளமாக. மேனிபோல்டு (என்ஜினின் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் பாகம்) வாயின் உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். புதியதன் குழாய் அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இருந்தால் புகை வெளியேற முடியாமல் என்ஜின் திணறும், கரும்புகை தள்ளும். சற்றுப் பெரிதாக இருந்தால் இடையில் ஓர் இணைப்புக் குழாய் போட்டுக்கொள்ளலாம். வாய் அளவு ஒன்றாக இருக்கும் இரண்டில், உடல் பருத்து நீண்டதே பொதுவாகச் சத்தத்தை அதிகம் அடக்கும். உள்ளே தடுப்பறைகள் உள்ள வகையை வாங்குங்கள். துளைக்குழாயைச் சுற்றிப் பஞ்சு திணித்த வகையில் டீசல் கரி நாளடைவில் ஏறி அடைத்துவிடும். கனமான சைலன்சருக்குத் தாங்கி கட்டாயம். அதை என்ஜினோடு பிணையுங்கள், பானெட்டோடு வேண்டாம். இரண்டும் வெவ்வேறாக அதிரும். அந்த இழுபறியில் வார்ப்பிரும்பு மேனிபோல்டு விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: ஓட்டையை வெல்டிங் செய்து அடைக்கலாமா?

முதலில் ஸ்குரூ டிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு நல்லது. மந்தமாக ஒலித்து, உள்ளே துருச் செதில்கள் சரசரவென உதிர்ந்தால் பணத்தை வீணாக்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டால் ஒட்டுப் போடக் கூடாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும்.

கேள்வி: புதியதும் சீக்கிரமே துருப்பிடிக்கிறதே?

வண்டியைச் சில நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துகிறீர்களா? சைலன்சர் சூடேறாவிட்டால் புகையில் உள்ள நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். மேல்நோக்கிய குழாய் என்றால் மழைமூடியும் வேண்டும்.

கேள்வி: கிளைகளில் இடிக்கிறது. குழாயைக் கீழே திருப்பலாமா?

திருப்பலாம். வளைவுகள் மென்மையாக இருக்கட்டும், விட்டம் குறையக் கூடாது. வாய் ஓட்டுநருக்கும் டீசல் டேங்குக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். காய்ந்த வைக்கோல் கிடக்கும் இடத்தில் வேலை என்றால் திருப்பாதீர்கள். சூடான குழாயும் பொறியும் போதும், தீப்பிடித்துவிடும்.