ஆலய வளாகத்தில் கல்லறைக் கல்: இங்கிலாந்துத் திருச்சபை விதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அம்மாவின் கல்லறைக்கு மெருகேற்றிய கறுப்பு கிரானைட்டில் புகைப்படம் பதிக்க விரும்பினோம். குருவானவர் மறுத்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் கல்நெஞ்சர் அல்லர், அவருக்குள்ள அதிகாரம் குறைவு. ஒவ்வொரு பேராயத்திலும் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) சான்சலர் எனப்படும் திருச்சபை நீதிபதி விதிகளை வகுத்திருப்பார். அவற்றுக்கு உட்பட்ட கல்லுக்கு மட்டுமே குருவானவர் தாமே அனுமதி தரலாம். மெருகேற்றிய கல், வெள்ளைப் பளிங்கு, புகைப்படம், கல்லறையைச் சுற்றிப் பதிக்கும் விளிம்புக்கல் ஆகியவற்றைப் பெரும்பாலான பேராயங்கள் அனுமதிப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் எழுந்த பழைய ஆலயத்தின் அருகே கண்ணாடிபோல் மின்னும் கல் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் கிடைத்த ஸ்விதலண்ட் ஸ்லேட் என்னும் பலகைக்கற்களைப் பாருங்கள்: 18ஆம் நூற்றாண்டில் செதுக்கிய எழுத்தின் மெல்லிய சுழிவுகள்கூட இன்றும் கூர்மையாக நிற்கின்றன. அம்மாவின் பெயருக்கு அத்தகைய கல் ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: அளவு?

பதில்: உயரம் 1200 மி.மீ., அகலம் 900 மி.மீ., தடிமன் 150 மி.மீ. என்பது பரவலான உச்சவரம்பு. உங்கள் பேராய விதியையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழில் ஒரு வரி பொறிக்கலாமா?

பதில்: கேளுங்கள், தயங்க வேண்டாம். கவென்ட்ரி அருகே எக்ஸாலில் ஒரு குடும்பம் ஐரிஷ் மொழி வாசகம் கேட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் கூடாது என்று 2020இல் பேராய நீதிமன்றம் மறுத்தது. குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2021இல் திருச்சபையின் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் மொழிபெயர்ப்பின்றியே அனுமதித்தது. தாய்மொழியில் விடைகொடுக்கும் உரிமைக்காக அவர்கள் போராடியதை மதிக்கிறேன். விண்ணப்பத்துடன் வரியின் பொருளையும் எழுதிக் கொடுங்கள். குருவானவரால் அனுமதி தர முடியாவிட்டால் 'ஃபாகல்ட்டி' என்னும் நீதிமன்ற அனுமதிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: அடக்கம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கல்லுக்கு இப்போதே முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மண் படிய வேண்டும் என்பதால் பல பேராயங்கள் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. குடும்பம் அமைதியாக யோசிக்கவும் அந்த அவகாசம் உதவும். எழுத்துவடிவில் அனுமதி வந்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: கட்டணம் செலுத்தினோமே, அந்த இடம் எங்களுடையது இல்லையா?

பதில்: இல்லை. அடக்கத்துக்கான கட்டணம் நிலத்தின் விலை ஆகாது. கல் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனாலும் அனுமதியின்றி நட்டால் அகற்றும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.